கட்சி மாறாத இரத்தினசிங்கம்

பிரேதப்பெட்டியில் கிடக்கும் அப்பாவுக்குப் போர்த்தப் பட்டு வேட்டி தேடி, அலுமாரியின் அடித்தட்டை இழுத்தாள் சுபோதினி. வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த மெல்லிய கறுப்பு பிளேயர் காலில் விழுந்தது. முகப்பில் புளூ-ரே என்று எழுதியிருந்தது. கால்விரல் நொந்தது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கே தெரிந்த கதை இது. டிவிடிக்கு அடுத்தது எந்த டிஸ்க் என்று பெரிய கொம்பனிகள் இரண்டு அணியாக அடிபட்ட காலத்தில், காலி வீதியில் பக்கத்துப் பக்கத்தில் வீடியோக் கடை வைத்திருந்த இருவரும் அணி பிரிந்தார்கள். சுபோதினியின் அப்பா இரத்தினசிங்கம் எச்.டி. டிவிடி. பாயிஸ் புளூ-ரே. கொம்பனிக்காரருக்கு இவர்களைத் தெரியாது. அதை இவர்கள் பெரிதுபடுத்தவில்லை. 2008இல் எச்.டி. டிவிடியைச் செய்தவர்களே கையை விரித்தார்கள். இரத்தினசிங்கம் விரிக்கவில்லை. இரண்டு கடையும் போன் கவர் விற்கத் தொடங்கிய பிறகும், "தோத்தது கொம்பனி, டிஸ்க் இல்ல" என்று பின்னேரத் தேத்தண்ணியோடு பாயிஸுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தச் சண்டையைக் கேட்க இறால் பதித்த இஸ்ஸோ வடை விற்பவரும் வண்டியை நிறுத்துவார்.

அந்த மனிதரின் வேட்டிக்குள் எதிரியின் பிளேயர்.

"அம்மா, இது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். நான் கோயிலுக்குப் போனாப் பிறகு கதவப் பூட்டிப்போட்டுப் பாப்பார். படம் நல்ல கிளியராம்."

"பாயிஸ் அங்கிள் கண்டா?"

"செத்தும் நிம்மதி இராது கொப்பருக்கு."

படியில் பாயிஸின் இருமல் கேட்டது. ஒளித்து வைக்க இடமில்லை. அலுமாரி வரை அயலட்டைச் சனம் நின்றது, நாங்களுந்தான். வேட்டியைப் போர்த்துகிற சாக்கில், பெட்டிக்குக் கீழே தரைவரை தொங்கிய வெல்வெட் துணிக்குள் பிளேயரைத் தள்ளிவிட்டாள்.

பாயிஸ் தலைமாட்டில் கதிரையைப் போட்டு இருந்தார். காலை நீட்டினார். டொக்.

குனிந்து துணியை விலக்கினார். நிமிர்ந்து நண்பனின் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று யாரோ சோடா கொண்டுவந்தார்கள். மனுசன் சிரிப்பை அடக்குகிறார் என்பது பக்கத்தில் நின்ற சுபோதினிக்குத்தான் தெரிந்தது. லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் குலுங்கினாள்.

"மகள்," என்றார் பாயிஸ், கூடத்துக்கே கேட்க. "ஒங்கட அப்பா மவுத்தாகுற வரைக்கும் கட்சி மாறல்ல. அந்த எச்.டி. டிவிடி நல்ல டிஸ்க்தான். நான்தான் ஒத்துக்கொள்ளல்ல."

எத்தனையோ வருசமாக இரத்தினசிங்கம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மனைவி ஒருமுறை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், காதில் விழுந்ததோ என்று.

பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தபோதுதான் சுபோதினிக்கு உறைத்தது. தூக்கினால் கீழே எல்லாம் வெளி. தடுக்க வாய் திறக்குமுன் தூக்கிவிட்டார்கள். துணி சரிந்தது.

கீழே ஒன்றுமில்லை.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அவள் பல்கனிக்கு ஓடினாள். ஒழுங்கையில் பெட்டிக்குப் பின்னால் பாயிஸ் ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி நடந்தார். மற்றக் கை வயிற்றைப் பிடித்திருந்தது. வரும்போது வட்டமாக இருந்த வயிறு இப்போது சதுரமாக இருந்தது. சேட்டுக்குக் கீழே கறுப்பு வயர் ஒன்று ஆடிக்கொண்டு போனது.