எதிரே நின்று சொல்கிறவள்

அவள் போய் நின்ற இடம்தான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஷெட்டில் நிற்பதற்கு வேறு இடமா இல்லை? தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்கலாம், பழைய சீட்டுகள் அடுக்கியிருக்கும் பக்கம் உட்காரலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, முன்கண்ணாடி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பேருந்துக்கு நேர் எதிரே, வாசல் தூணில் சாய்ந்துகொண்டு நின்றாள். அது என் மகளுடைய இடம். அவளுக்கு அது தெரியாது. தெரியாதவள் மேல் கோபப்படுவது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கோபம் வந்தது.

இத்தனைக்கும் இந்தப் பெண்ணைப் பார்த்ததே நான்தான். மகள் போனபிறகு மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், சவரம் செய்யாமல், ஆளே பாதியாகிவிட்டார். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்து, ஒற்றைக்காலில் நின்று அவரை மறுகல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பெரிய மனசை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? நாளைக்குத் தாலி கட்டி முடித்ததும் நான் அவருக்கு யார்? மகள் இருந்தவரை மாமனார். அவளும் இல்லை, அவள் இடத்துக்கு இன்னொருத்தியும் வந்துவிட்டாள் என்றால் நான் ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிற கிழவன், அவ்வளவுதான். என் மனைவி எப்போதோ போய்விட்டாள். உறவு சொல்லி என்னைக் கூப்பிட மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். அவரையும் என் கையாலேயே தாரை வார்த்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. அந்த லட்சணத்தில், பெண்ணை ஒருமுறை ஷெட்டுக்குக் கூட்டிவரச் சொன்னதும் நான்தான். என் வாய் சும்மா இருக்காது.

பேருந்தின் முன்கண்ணாடி மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணாடியின் விளிம்பு முழுக்க பீடிங் என்கிற ரப்பர் பட்டையைப் பொருத்தி, அதன் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிப் பதித்து, இரண்டு முனைகளையும் கீழே நடுவில் தொங்கவிட வேண்டும். வழுக்கிக்கொண்டு போக சோப்புத் தண்ணீர். பிறகு நானும் மாப்பிள்ளையும் பலகை மேல் ஏறி, ஆளுக்கொரு பக்கம் சக்‌ஷன் கப்பை ஒட்டித் தூக்குவோம். கைப்பிடி வைத்த ரப்பர் வட்டம் அது. அதிலுள்ள பொத்தானை அமுக்க அமுக்கக் காற்று வெளியேறி, கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். பிடி தளர்ந்தால் பொத்தானடியில் ஒரு சிவப்புக் கோடு தலைகாட்டும். கண்டதும் இறக்கிவிட வேண்டும். கண்ணாடி நழுவினால் தாங்கிப் பிடிக்கப் போகக் கூடாது, விட்டுவிட்டு விலக வேண்டும். கண்ணாடி போனால் போகட்டும், கை போகக் கூடாது.

தூக்கிப் பிடித்திருக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் தெரியாது, கண்ணாடி கோணலாக இருக்கிறதா என்று. மூக்கு அதில் உரசிக்கொண்டிருக்கும்போது எங்கே தெரியும்? எதிரே தள்ளி நின்று ஒருத்தர் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுவந்த என் மகள், நாங்கள் கோணலாக மாட்டிவிட்டுத் திரும்பக் கழற்றுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்தத் தூண்தான் அவள் உத்தியோகம். “அப்பா, உன் பக்கம் ஒரு விரல் தூக்கு” என்பாள். புருஷனை அதட்டலோடு வெறும் “எறக்கு”. கண்ணாடி கையில் இருக்கும்போது எங்கள் ஷெட்டில் மரியாதை கிடையாது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அதற்குப்பிறகு கண்ணாடியின் நடுவிலும் பேருந்தின் நெற்றியிலும் வெள்ளை டேப் ஒட்டி, இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பேற்றுகிறோம்.

அன்றைக்கு டேப் ஒட்ட மறந்துபோனோம். இரண்டு பேருமே. எதிரே தூணருகில் ஒரு பெண் நின்றதுதான் காரணம் என்று பிறகு தோன்றியது.

தூக்கினோம். கண்ணாடி சட்டத்துக்கு நேரே போயிற்று. அடிவிளிம்பை உட்காரவைக்கும் முன்னால் நான் நின்றேன், அவரும் நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று சட்டென்று பிடிபடவில்லை. தோள் கடுத்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று நானும், நான் சொல்வேன் என்று அவரும் நிற்கிறோமாக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். செத்துப்போனவள் வந்து யார் பக்கம் தூக்க வேண்டும் என்று சொல்வாள் என்று, அத்தனை கனத்தையும் ஏந்திக்கொண்டு.

அவரைப் பார்த்தேன். அவருக்கும் அதே சமயத்தில் உறைத்திருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்றது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை, எனக்கும் ஒழியவில்லை.

என் கப்பில் சிவப்புக் கோடு தெரிந்தது. இறக்கச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும். கப்பை விடாமல் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நின்றால் அவள் சொல்லிவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார ஆசை.

“ஐயா.” முதுகுக்குப் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி வந்தது குரல். “உங்க பக்கம் எறங்கியிருக்கு. கொஞ்சம் தூக்குங்க.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு விரல் என்று சொல்லத் தெரியவில்லையே இவளுக்கு என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது. கூடாது என்று தெரிந்தும் கண்ணாடிக்கு அடியில் இடது கையைக் கொடுத்து, ஒரு விரல் தூக்கினேன்.

“இப்ப சரியா இருக்கு.”

சரியாகத்தான் இருந்தது. சட்டத்தின் மேல் அம்சமாக உட்கார்ந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முட்டுக்கட்டை கொடுத்து, மாப்பிள்ளையைக் கண்ணாடியை அணைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் பேருந்துக்குள் ஏறினேன். சோப்பில் தூசி ஒட்டாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டேன். கயிற்றின் முனையைப் பிடித்து மெல்ல இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்பக்கம் புரண்டு வந்தது. கயிறு போகும் வழியிலேயே அவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டு வந்தார். மூலையில் நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். இந்த வேலையில் எங்களுக்குப் பேச்சே தேவைப்பட்டதில்லை. கயிற்றின் கடைசி நுனியும் கழன்று கையோடு வந்ததும் கண்ணாடி இறுக அடைத்துக்கொண்டது, வெளிச்சத்தம் எதுவும் உள்ளே கேட்கவில்லை.

அவர் ஈரத்துணியால் கண்ணாடியை ஒரு துடை துடைத்தார். அந்தப் பெண் தூணை விட்டுப் பலகையருகே வந்து நின்று, என்னைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டிருப்பாள்? இவரை நான் என்னவென்று கூப்பிடட்டும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தபடி பதில் சொன்னார். நீளமான பதில் இல்லை, ஒரே ஒரு சொல் மாதிரி இருந்தது. சட்டைக்கை வாயை மறைத்துவிட்டது.

இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். ஈரக் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு உள்ளேயே நின்றேன். துடைத்த கண்ணாடி வழியாக, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே, வாசல் தூண் பளிச்சென்று தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.