வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் வளரும் ஆறு

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. கதையில் வரும் ஆறு நாவல் மரத்தடியில் பிறந்ததாக ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

ஆற்றின் பெயர் பேச்சியாறு.* குற்றாலத்து மலையில் எங்கேயோ தொடங்கி எப்படியோ சிற்றாற்றில் சேர்கிறது. எங்கள் கல்லூரியில் புவியியல் கடைசி வருஷக்காரர்கள் அதைக் கரையோரமாக நடந்து பார்த்து ரெக்கார்டு எழுத வேண்டும். பஸ்ஸில் ஏறும்போதே எல்லார் கையிலும் துண்டும் எண்ணெய் பாட்டிலும் இருக்கும். ஐந்தருவிச் சத்தம் காதில் விழுந்ததும் கள ஆய்வு முடிந்துவிடும். அப்புறம் முந்தைய பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதுவோம். காப்பி அடித்தது தெரியாமலிருக்க, ஆற்றின் நீளத்தில் மட்டும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்வோம்.

நான் எழுதியபோது நாற்பத்தாறு. என் நோட்டை வாங்கிப்போன இசக்கிராஜா நாற்பத்தேழு என்று எழுதினான். மலைக்கும் சிற்றாற்றுக்கும் நடுவே இருப்பது ஒன்பது கிலோமீட்டர்தான். மிச்சத்தை வளைவுகளில் மடித்து வைத்திருந்தோம்.

*வரைபடத்தில் தேடாதீர்கள். நான் வைத்த பெயர். என் டிகிரி சர்டிபிகேட் இன்னும் கைக்கு வரவில்லை.

2

தொடக்கம் ஒன்று: மேகங்கள் முகடுகளைத் தழுவிய அந்தக் காலையில் இயற்கை அன்னை

(வேண்டாம். இயற்கை அன்னைக்கும் இசக்கிராஜாவுக்கும் பழக்கமில்லை.)

தொடக்கம் இரண்டு: காலில் நான்காவது அட்டை ஏறியபோது இசக்கிராஜா

(அட்டை பிறகு ஏறட்டும். அவன் ஏன் காட்டுக்குள் போனான் என்று முதலில் சொல்ல வேண்டும்.)

தொடக்கம் மூன்று: துறைத் தலைவர் தங்கபுஷ்பம் மேடம் நோட்டை மூடினார்.

"நாப்பத்தேழு. இன்னும் பத்து பேட்ச் போனா திருநெல்வேலிக்குப் பஸ்ஸே வேண்டாம், படகுல போயிரலாம். நீ நடந்து பாத்தியாலே?"

"பாத்தேன் மேடம்."

"அப்பம் சனிக்கிழம ஆறு பொறக்குத எடத்தக் காட்டு. அங்கன வச்சுத்தான் வைவா."

இசக்கிராஜா எஸ்.ஐ. வேலைக்கு ஓடி, கயிறேறி, எல்லாவற்றிலும் தேறியவன். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு. டிகிரிக்கு இந்த வைவா ஒன்றுதான் பாக்கி. நாளைக்குத் திருடனைப் பிடிக்க வேண்டியவன், ஓர் ஆறு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

3

[எனக்கு மேடம் மேல்தான் சந்தேகம். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர், முட்டுவலிக்காரர். காரணமில்லாமல் மலையேறினால் வாசகர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பொறுங்கள், அவரே சொல்வார்.]

சனிக்கிழமை நல்ல சாரல். வனத்துறை வாட்சர் செல்லச்சாமி முன்னால் போனார். இசக்கிராஜா நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"அண்ணாச்சி, இங்கன மூணு நாவமரம் நிக்கும்லா? நடுமரத்துல இடி விழுந்திருக்கும்."

"இருவது வருசமா இந்தக் காட்டுலதான் கெடக்கேன் தம்பி. ஆத்தோரம் ஒரு நாவமரத்த நான் பாத்ததில்ல."

அப்போது பின்னாலிருந்து மேடம் சொன்னார்:

"மூணா? நான் எழுதுனப்பம் ஒண்ணுதானலே."

(மூன்றாவது மரம் நான் நட்டது. ஒப்புக்கொள்கிறேன்.)

"நீங்க எழுதுனீங்களா மேடம்?"

"எம்பத்தேழுல. மொத பேட்ச். ஒம்பது கிலோமீட்டர்." மேடம் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "அன்னைக்கு ஐந்தருவில நல்ல தண்ணி."

"அப்பம் நீங்களும் வரல்லியா?"

"வேலைக்குச் சேந்த நாளுலேருந்து திருத்துதேன். வருசா வருசம் கூடிக்கிட்டே போவுது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க? ரிட்டயர் ஆவதுக்குள்ள ஒரு தடவையாது பாத்துரணும்னு வந்தேன். போலீசு வேலைக்குப் போற பய, நீயாவது நடந்திருப்பன்னு நெனச்சேன்."

இசக்கிராஜாவுக்குச் சட்டென்று தைரியம் வந்தது. "அப்பம் வைவாவ இங்கனயே முடிச்சுக்கிடலாமா? நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"என் பொய்க்கு நான் அப்பவே மார்க்கு வாங்கியாச்சு. ஒனக்கு, ஆத்தக் காட்டுனாத்தான் கையெழுத்து. நடலே."

4

ஒரு பெரிய பாறையருகே இரண்டு ஓடைகள் வந்து கூடின. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே பருமன், ஒரே இரைச்சல்.

"இதுல எது அண்ணாச்சி பேச்சியாறு?"

"கூடுன பொறவுதான் பேச்சியாறு. மேல ரெண்டுக்கும் பேரே கெடையாது. நான் எல்லைய மட்டுந்தான் பாக்கேன். நீங்க படிச்சவிய, நீங்கதான் சொல்லணும்."

மேடம் இசக்கிராஜாவைப் பார்த்தார். இசக்கிராஜா நோட்டைப் பார்த்தான். நோட்டில் அந்த இடத்தில் என் நோட்டைப் பார்த்து வரைந்த அழகான வளைவு ஒன்று இருந்தது.

முடிவு (அ): இடப்பக்கம் ஏறுகிறார்கள். ஒற்றை நாவல் மரம். மேடத்தின் கண்கள் கலங்க

(நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.)

முடிவு (ஆ): முட்டுவலி. எல்லாரும் இறங்கி ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறார்கள்.

(இதை உடனே நம்புவீர்கள். அதனாலேயே எழுத மாட்டேன். இசக்கிராஜாவின் எஸ்.ஐ. வேலையும் அருவியோடு போய்விடும்.)

நடந்தது இவ்வளவுதான். பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைத்தது. இசக்கிராஜா எனக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ஆறு இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"நான் அங்கன வந்ததே இல்லியேலே."

"தெரியும்ணே. யாருதான் வந்தா? சும்மா ஒரு பக்கத்தச் சொல்லுங்க. மேடம் பாத்துக்கிட்டே நிக்காவ."

நான் வாயைத் திறந்தால் அது நாற்பத்தெட்டாவது கிலோமீட்டர் ஆகிவிடும். அதனால் போனை உங்களிடம் தருகிறேன். அவன் லைனில்தான் இருக்கிறான், சாரலில் நனைந்துகொண்டு. நீங்களும் அங்கே போனதில்லை என்பது அவனுக்குத் தெரியாது.