உள்ளே எவ்வளவு விட்டிருக்கிறார்கள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். முதல் மருத்துவமனைக்கு அக்கா, மாமா, நான் மூவரும் போனது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா, அன்று மழை பெய்ததா என்பதெல்லாம் கலங்கிப்போய்விட்டது. பேசிய பேச்சு மட்டும் பிசகியிருக்காது என்று நம்புகிறேன். நான் அதிகம் பேசாதவள். அப்படிப்பட்டவர்களிடம் பிறர் பேச்சு தங்கிவிடும்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. தையல்காரி. புதிதாகத் தைக்க மாட்டாள்; பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு மாற்றித் தருவாள். மகள் பிறந்தபோது முதல் கணவர் "ஒன்னு போதும்" என்று சொல்லிவிட்டார். சிசேரியனுக்கு வயிற்றைத் திறந்த கையோடு அன்றே கருக்குழாய்களையும் கட்டிவிட்டார்கள். அக்கா கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் வருடம் அந்த மனிதர் வேறொருத்தியோடு போய்விட்டார். வெகுகாலம் கழித்து, லிஃப்ட் மெக்கானிக்கான மாமாவைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசை. கட்டிய குழாயைத் திரும்பச் சேர்க்கும் அறுவை சிகிச்சை உண்டு என்று படித்துச் சொன்னது நான்தான். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன உபகாரம் செய்யத் தெரியும்?

"இந்த வயசுல ஒரு தடவைதான்டீ வயித்தத் திறக்க முடியும்," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரி தப்பாப் போச்சுன்னா அதோட முடிஞ்சுது."

முதல் மருத்துவமனை கண்ணாடியும் பூந்தொட்டிகளுமாக இருந்தது. மாமா நேராக லிஃப்ட்டுக்குள் நுழைந்து, ஐந்து மாடியும் மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு வந்தார்.

"பாத்தியா நூலகம்," என்றார் என்னிடம். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "தரைக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரு நூல்கூட ஏத்த இறக்கம் இல்ல. இதைக் கவனிக்கிறவன் எல்லாத்தையும் கவனிப்பான். இங்கயே முடிச்சிடலாம்."

"ஏங்க, ஆபரேஷன் எனக்கா, லிஃப்ட்டுக்கா?" என்றாள் அக்கா.

உள்ளே எங்களிடம் பேசியவர் மருத்துவர் இல்லை, ஆலோசகர். குழந்தைப் படங்கள் நிறைந்த ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "நூத்துக்கு எண்பத்தஞ்சு பேருக்கு வெற்றி மேடம். தேதி குறிச்சிடலாமா?" என்றார்.

"எனக்கு எப்படிக் கட்டினாங்கன்னு கேக்கலையே?"

"எப்படிக் கட்டியிருந்தாலும் சேர்த்துடுவோம் மேடம்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில்தான் பேசினாள்.

"ஒருத்தர் இடுப்பு பிடிக்குதுன்னு கால்சட்டைய கொண்டுவந்தா நான் என்ன பண்ணுவேன்? உள்பக்கம் திருப்பி, தையலுக்கு உள்ள எவ்வளவு துணி விட்டிருக்காங்கன்னு பாப்பேன். திருப்பிப் பாக்காமலே ஆகும்னு சொல்றவகிட்ட என் பாவாடையக்கூடக் குடுக்க மாட்டேன்."

"துணியும் வயிறும் ஒன்னாம்மா?" என்றார் மாமா.

"லிஃப்ட்டும் வயிறும் மட்டும் ஒன்னா?"

பேருந்து வந்ததும் இருவரும் ஆளுக்கொரு இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். அவரவருக்குத் தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை அளந்துபார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் மட்டும் என்ன விதிவிலக்கா? அச்சில் இருப்பதை நம்புகிறவள்.

ஆனால் அக்காவின் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எப்படிக் கட்டினார்கள்? மகள் பிறந்த மருத்துவமனையின் ஆவண அறைக்குப் போனேன். "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின கோப்பா? செல்லரிச்சிருக்கும், போங்க," என்றார் எழுத்தர். மூன்றாம் தடவை போனபோது, என் தொல்லை தாங்காமல் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரே வரி இருந்தது. இரண்டு குழாய்களும் வளைத்துக் கட்டப்பட்டு வளைவு வெட்டப்பட்டது. எவ்வளவு வெட்டினார்கள் என்று இல்லை. நடைபாதையில் நின்று அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டாவது இடம் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்தது. லிஃப்ட் தரைக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. மாமாவின் முகம் சுண்டிப்போனது. "வேணாம், திரும்பிடுவோம்," என்றார். அக்கா காலைத் தூக்கிவைத்து வெளியே ஏறினாள்.

மருத்துவர் ஐம்பதைத் தாண்டிய பெண். மாமா உட்காரும் முன்பே, "டாக்டர், உங்க லிஃப்ட் ரெண்டு விரல் தாழ நிக்குது," என்றார்.

"அது வீட்டுக்காரரோடது. என் பொறுப்பு ஆபரேஷன் தியேட்டர் மட்டும்தான். உக்காருங்க," என்றவர் அக்காவைப் பார்த்தார். "பழைய ரிப்போர்ட் இருக்கா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தாளை எடுத்து நீட்டினேன்.

"குழாய நீளத்துக்குச் சுட்டு வச்சிருந்தா யோசிச்சிருப்பேன். இது வெட்டினது. பரவாயில்ல."

"உள்ள எவ்வளவு மிச்சம் இருக்கும் டாக்டர்?"

"தெரியாது. முதல்ல சின்னதா துளை போட்டு கேமரா விட்டுப் பாப்பேன். நாலு சென்டிமீட்டராவது இல்லாத பக்கத்தத் தொட மாட்டேன். ரெண்டு பக்கமும் அப்படின்னா சும்மா மூடிடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது. எல்லாம் நல்லா இருந்தாலும் உங்க வயசுக்குப் பாதிக்குப் பாதிதான். கரு குழாயிலேயே தங்கிடுற ஆபத்தும் உண்டு. நாள் தள்ளிப்போனா உடனே ஓடிவரணும்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "சாருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எனக்கா? எனக்கென்ன கேடு?"

"அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனாலதான் கேக்குறேன். உங்களைப் பாக்காம இவங்க வயித்துல கை வைக்க மாட்டேன்."

அறையில் நீண்ட மௌனம். எனக்குப் பிடித்த வகை மௌனம் அது. யாரோ உள்ளுக்குள் இடம் மாறி உட்காரும் சத்தம் அதில் கேட்கும். மாமா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலையேம்மா," என்றார் கடைசியில், அக்காவிடம். "ஏதாவது குறை இருந்திருந்தா உன்னச் சும்மா கிழிச்சிருப்பாங்க."

"அதுக்கு?"

"இங்கயே பண்ணிக்கலாம். லிஃப்ட்ட நான் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன்."

மாமாவின் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. வலது குழாயில் மூன்று சென்டிமீட்டர்கூட மிஞ்சியிருக்கவில்லை. மருத்துவர் அதை விட்டுவிட்டு இடது குழாயை மட்டும் சேர்த்தார். முதலில் தங்கிய கரு எட்டாவது வாரத்தில் கலைந்தது. அக்காவுக்கு நாற்பது முடிந்தபோது இன்னொரு மகள் பிறந்தாள். அவள் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மூத்தவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அக்காவும் மாமாவும் அவரவர் தொழிலைத் தொடர்கிறார்கள். மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். முதல் மருத்துவமனை இன்னும் நடக்கிறது. அங்கே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அதே நூலகத்தில்தான் இருக்கிறேன்.