வேலியில் தொங்கிய பாட்டில்கள்

ஏழு வருடமாக அந்தப் பாட்டில்களைத் தையல்காரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வீட்டுக்கும் மூத்தாரின் கோழிப்பண்ணைக்கும் நடுவே ஓடிய கம்பிவேலியில், இடுப்பு உயரத்தில், பத்தடிக்கு ஒன்றாகப் பதினோரு பாட்டில்கள் தொங்கின. தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாக உள்ளே செருகி, ஓரத்தைக் கம்பியால் இறுக்கியிருந்தார் மூத்தார். புனல் வழியாக உள்ளே போகிற ஈக்குத் திரும்பி வரத் தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்து முட்டி முட்டிக் களைத்து, அடியிலிருக்கும் நாறும் ஊறல் தண்ணீரில் விழுந்துவிடும்.

மூத்தார், அவள் கணவனின் அண்ணன், காலையில் கோழிகளுக்குத் தீவனம் போட்ட கையோடு வேலிக்கு வருவார். ஒவ்வொரு பாட்டிலாகக் குனிந்து பார்ப்பார். நிறைந்ததைக் கழற்றிக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளுவார். கழுவி, ஊறல் ஊற்றி, பழைய இடத்திலேயே மாட்டுவார். அவள் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செய்யட்டும், நன்றாகச் செய்யட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

முன்பு அங்கே வேலி கிடையாது. அப்பா விட்டுப்போன நிலத்தில் அண்ணனும் தம்பியும் அருகருகே வீடு கட்டிக்கொண்டார்கள். அண்ணன் பின்பக்கம் கோழிப்பண்ணை போட்டார். தம்பி கடைத்தெருவில் வண்டிப் பட்டறை வைத்தான். அண்ணனுக்குப் பிள்ளையில்லை. தம்பிக்கு ஒரே பெண். இரண்டரை வயதில் அது அடித்த கொட்டத்துக்கு அண்ணன்தான் 'வாலு' என்று பெயர் வைத்தார். காலையில் கண் விழித்ததும் பெரியப்பாவின் பண்ணைக்கு ஓடும். கையில் ஒரு முட்டையோடு, அதை உடைக்காமல் கொண்டுவந்த பெருமையோடு திரும்பும்.

"எங்கிட்ட ரெண்டாயிரம் கோழி, ரெண்டு லட்சம் ஈ" என்பார் அவர். "கோழிக்குத்தான் தீவனம் போடுறேன். ஈ பாவம், தானாவே பொழைச்சுக்குது."

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. பண்ணையில் தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்து எரு ஈரமாகிவிட்டது. ஈர எருவில் புழு வைத்தது. ஒரே வாரத்தில் இரண்டு வீட்டிலும் ஈ. சாப்பிடும்போது ஒரு கை வாய்க்கு, ஒரு கை ஈக்கு என்றாயிற்று.

"அண்ணே, ஏதாவது பண்ணுங்க" என்றான் தம்பி. "பட்டறையிலதான் வேலையில்லாம ஈ ஓட்டுறேன். வீட்டுக்கு வந்தும் அதே பொழப்பா?"

அண்ணன் சிரித்தார். "குழாய மாத்திடுறேன். இந்த வாரம் எருவ அள்ளிடுறேன்டா."

குழாயை மாற்றினார். எரு அள்ளும் வண்டி மட்டும் அந்த வாரம் வரவில்லை. வியாழக்கிழமை குழந்தைக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடுப்புக் கயிறு தளர்ந்து தொங்குமளவுக்கு வற்றிப்போய், அது அடங்கிவிட்டது.

இளம் டாக்டர், தூக்கமில்லாத கண்கள். "ஈ மொய்ச்ச எதையோ சாப்பிட்டிருக்கு. வீட்டுப் பக்கத்துல பண்ணை மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். தம்பி திரும்பி அண்ணனின் சட்டையைப் பிடித்தான்.

"உன் கோழி எம் பொண்ணத் தின்னுடுச்சுடா."

பிறந்ததிலிருந்து அவன் அண்ணனை 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. அண்ணன் கையை விலக்கக்கூட இல்லை. தையல்காரி சுவரோடு சுவராக நின்றாள்.

அவளுக்குத் தெரிந்தது வேறு. புதன்கிழமை மத்தியானம் குழந்தை பாதிச் சோற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது. கிண்ணம் பின்வாசல் படியில் இருந்தது. தைக்கக் கொடுத்த சீருடையை வாங்க யாரோ வர, அவள் முன்னறைக்குப் போனாள். பேசி, அளவு திருத்தி அனுப்பிவிட்டுத் திரும்ப அரைமணி நேரம் ஆயிற்று. சோறு கருப்பாக இருந்தது. கையை வீசியதும் வெள்ளையானது. குழந்தை பசி என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதது. மேலாக இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்ததை ஊட்டிவிட்டாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கணவன் வேலி போட்டான். அவள் கம்பியைப் பிடித்துக்கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து பாட்டில்கள் முளைத்தன.

இந்த வருடம் ஒரு காலையில் மூத்தார் வேலிக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. வெயிலில் ஊறல் காய்ந்து பாட்டிலின் அடியில் தோலாக ஒட்டிக்கொண்டது. வாரம் முடிவதற்குள் அவள் அடுப்படியில் ஈ உட்கார ஆரம்பித்தது.

தெருக்குழாயில் மூத்தாரின் மனைவியை, தன் ஓரகத்தியைப் பார்த்தாள். இருவரும் எதிரில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அன்றைக்கு அவளே நின்று கேட்டாள்.

"மாமாவுக்கு என்னக்கா?"

"நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சாம். இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க." குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "படுத்துக்கிட்டு பாட்டில், பாட்டில்ங்கிறாரு. நான் கோழியப் பாப்பேனா, இவரப் பாப்பேனா, ஈயப் பாப்பேனா?"

மறுநாள் கணவன் பட்டறைக்குப் போனதும் தையல்காரி வேலிக்குப் போனாள். முதல் பாட்டிலைத் திறந்தவுடன் நாற்றம் முகத்தில் அடித்தது. ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, மீதிப் பத்தையும் கழுவினாள். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மாட்டினாள். மாலையில் பார்த்தால் பாட்டில் நிறைய எறும்பும் நாலைந்து தேனீயும். ஈ ஒன்றுகூட இல்லை.

வேறு வழியில்லாமல் மூத்தாரின் வீட்டுக்குள் போனாள். ஏழு வருடத்தில் அந்த அறையில் மாறியது கட்டிலின் இடம்தான். ஜன்னலோரமாக, வேலி தெரிகிற மாதிரி போட்டிருந்தார்கள். நான்கு தலையணையில் சாய்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன.

"பாட்டில்ல என்ன ஊத்துவீங்க?" என்றாள், நின்றபடியே.

அவர் தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு மூச்சை விட்டு விட்டுச் சொன்னார். "மீன் கழிவு ஒரு கை. தண்ணி. கொஞ்சம் வெல்லம். ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி, இல்லேன்னா மேலயே மிதந்துட்டு இருக்கும், சாகாது. கழுவும்போது பழைய ஊறல மொத்தமா கொட்டிடாதம்மா. ஒரு வாய் மிச்சம் வை. அந்த நாத்தத்துக்குத்தான் வரும்."

"எங்க வீட்டுக் கதவுகிட்ட ஒண்ணு கட்டட்டுமா?"

"கூடாது. வேணும்னு வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும். தள்ளியே இருக்கட்டும்."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "நான் உங்கள மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. ஈ வருது, அதுக்குத்தான்."

"தெரியும்மா" என்றார்.

அதன் பிறகு நாலு நாளைக்கு ஒருமுறை பாட்டில்களைக் கவிழ்த்தாள். புனலின் துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிட்டாள். ஊசி பிடித்த கையில் மீன் நாற்றம் போகவில்லை. வேலை முடிந்ததும் ஜன்னலருகே நின்று, எத்தனை நிறைந்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவாள். அவர் தலையாட்டுவார்.

மூன்றாவது வாரம் அவர் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. அன்று அவள் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னாள். சீருடை வாங்க வந்தவளைப் பற்றி, மேல்சோற்றை வழித்துப் போட்டதைப் பற்றி, ஊட்டியதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். அழுகை வரவில்லை.

"கிண்ணத்தப் பார்த்தேன்" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு அந்தக் குழாயத்தான் மாத்திக்கிட்டிருந்தேன். படியில கிண்ணம் தெரிஞ்சுது. மூடி வைம்மான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். வேலைய முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு திரும்பிட்டேன். அப்புறம் மறந்துட்டேன்." மூச்சு வாங்கியது. "நீ ஊட்டினது எனக்குத் தெரியாது."

"ஆஸ்பத்திரியில ஏன் சொல்லல? உங்க சட்டையப் பிடிச்சாரே."

"எங்கூட பேசாம அவன் இருந்துடுவான். உங்கூட பேசாம எப்படிம்மா இருப்பான்?" கண்ணை மூடிக்கொண்டார். "அதுவும் இல்லாம, ஈ என்னோடதுதானே."

அன்று மாலை கணவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து பின்வாசலுக்குப் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அந்தப் பக்கம் ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவன் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியாமல் நின்றிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

உள்ளே வந்து, "காலையில போறேன்" என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

காலையில் தலை சீவி, வெளுத்த சட்டையை எடுத்து மாட்டினான். இரண்டாவது பொத்தானைப் போடும்போது ஓரகத்தியின் அலறல் கேட்டது. பொத்தானைப் பிடித்த கை அப்படியே நின்றது.

அடக்கம் முடிந்த பிறகு அவன் தையல்காரியிடம் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், சில நாள் சாப்பிடாமல் எழுந்தான். விடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கோழிகளுக்குத் தீவனம் போட்டான், எரு அள்ளினான், பட்டறைக்குப் பத்து மணிக்கு மேல்தான் போனான். அவள் பாட்டில்களைத் தொடர்ந்து கவிழ்த்து மாட்டினாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு மத்தியானம் அவள் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தபோது அவன் வந்து நிலைப்படியில் நின்றான்.

"அண்ணி கோழியெல்லாம் வேற யாருக்காவது குடுத்துடலாம்ங்கிறாங்க. நீ என்ன சொல்ற?"

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "உங்களால பாத்துக்க முடியுமா?"

"பாத்துக்கலாம்."

"அப்ப இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினான். ஆனால் போகவில்லை. அங்கேயே, துணித் துண்டுகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அண்ணனுக்காகவா குழந்தைக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விலகவில்லை.