ஆறாம் நம்பர் விலாசம்

கப்பலூர் தொழிற்பேட்டையில் மலையாண்டியின் மாட்டுத்தீவன ஆலைக்குச் சாருலதா வந்து இறங்கியபோது, அவள் சம்பள வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆட்டோமேஷன் தொழில் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை கிடைத்தவை எல்லாம் ஒயர் மாற்றுகிற சில்லறை வேலைகள். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால், வருஷம் முழுக்க ஆலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தருவதாக மலையாண்டி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். 

சோளம், தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் எடை போட்டுக் கலக்குகிற எந்திரத்தை, பிஎல்சி என்கிற பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று இருபது வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தது. நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் திறக்காது. அதற்கு இருந்தது சீரியல் போர்ட் என்கிற பழைய காலத்து இணைப்பு வாய் மட்டும், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் ஈதர்நெட் கேபிளைச் செருக இடமே கிடையாது. தீவனம் வாங்கும் பால் கம்பெனிக்காரர்களோ, ஒவ்வொரு கலவையின் எடையும் எந்திரத்திலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். சாருலதா பழைய இணைப்பைப் புதியதாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, அதன் ஒரு பக்கம் பிஎல்சியையும் மறுபக்கம் நெட்வொர்க் கேபிளையும் இணைத்தாள்.

நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் வேண்டும். முன்னால் வரும் எண்கள் எல்லாருக்கும் பொது. கடைசி எண்தான் கதவு நம்பர் மாதிரி ஆளுக்கு ஆள் மாறும்.

"கடைசியில என்ன நம்பர் போடப்போற?" மலையாண்டி எட்டிப் பார்த்தார்.

"எட்டு போடலாம்ணே."

"எட்டா! நல்லா இருப்ப தாயி, எட்டு மட்டும் வேணாம். ஆறு போடு."

மலையாண்டிக்கு ராசியான எண் ஆறு. கார் நம்பரைக் கூட்டினால் ஆறு, போன் நம்பரைக் கூட்டினால் ஆறு. சாருலதாவுக்கு எண் சோதிடத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. வேலை கொடுத்தவர் ஆசைப்படுகிறார், ஆறும் காலியாகத்தான் இருக்கிறது, நமக்கென்ன என்று ஆறையே போட்டாள். திரையில் எடைகள் வரிசையாக வந்து விழுந்தன. மலையாண்டிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை பால் கம்பெனியின் தர அதிகாரி கனகா பார்வையிட வந்தார். இரண்டு கலவைகளின் எடை வந்தது. மூன்றாவது வரவில்லை. கொஞ்சம் கழித்து வந்தது, பிறகு மறுபடி நின்றுபோனது. கனகா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? நேத்து அம்புட்டு நல்லா ஓடுச்சு!" மலையாண்டியின் முகம் கடுகடுத்தது.

சாருலதா கேபிளை மாற்றினாள். கன்வர்ட்டரை அணைத்துப் போட்டாள். எல்லாப் பழியையும் பிஎல்சியின் தலையில் போட்டுத் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாவம், அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கன்வர்ட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளையே உருவிவிட்டு, லேப்டாப்பிலிருந்து ஆறாம் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. கேபிளே இல்லாத பெட்டி எப்படிப் பதில் சொல்லும்? அந்த விலாசத்தில் வேறு யாரோ குடியேறியிருக்கிறார்கள்.

"அண்ணே, நேத்து நான் போனதுக்கப்புறம் புதுசா எதையாச்சும் மாட்டினீங்களா?"

"கேமரா மாட்டுனோம், ஆபீஸ் வாசல்ல. என் மச்சினன் அழகுராஜாதேன் வந்து மாட்டிட்டுப் போனான்."

"அதுக்கு என்ன நம்பர்?"

மலையாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். "ஆறு. நாந்தேன் போடச் சொன்னேன்."

சாருலதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. கன்வர்ட்டரின் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, கேபிள் லூஸாக இருந்தது என்று சொன்னால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். அதிகாரி முன்னால் மலையாண்டிக்கும் தலைகுனிவு இல்லை. ஆனால் இந்த மனுஷர் நாளைக்கே பிரிண்டருக்கும் ஆறு போடச் சொல்வார்.

"தப்பு என்னோடதும்தாண்ணே. ஒரு நம்பர் ஒண்ணுக்குத்தான்னு நேத்தே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். இப்ப பிஎல்சி, கேமரா ரெண்டுமே ஆறு. ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரர் எங்கிட்டுப் போவாரு?"

கனகா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மலையாண்டி கன்வர்ட்டரையே முறைத்துப் பார்த்தார். வேலை போச்சு என்று சாருலதா முடிவே கட்டிவிட்டாள்.

"ஆறு மொதல்ல யாருக்குக் குடுத்தோம்?" என்றார் அவர்.

"பிஎல்சிக்கு."

"அப்ப அது அதுக்குத்தேன். இம்புட்டு வருசமா நமக்குச் சோறு போடுது. கேமராவுக்குப் பதினஞ்சு போடச் சொல்லு. ஒண்ணும் அஞ்சும் ஆறுதான?"

அழகுராஜாவைப் போனில் பிடித்துக் கேமராவைப் பதினைந்துக்கு மாற்றினாள். அதற்கப்புறம் எடைகள் ஒன்றுகூடத் தவறாமல் வந்தன. கனகா பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்படியே வந்தா எங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மலையாண்டி கார்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

சாருலதா கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வருஷ வேலையைப் பற்றி அவளாகக் கேட்க வாய் வரவில்லை.

"ஒன் லேப்டாப்புக்கு நம்பர் இருக்கா?" என்றார் மலையாண்டி.

"வர்றப்ப காலியா இருக்கிறது ஒண்ணை எடுத்துக்கும்ணே. நிரந்தரமா எதுவும் கிடையாது."

"வருசம் பூரா வந்து போற ஆளுக்கு நெரந்தரமா ஒண்ணு வேணாமா? இருபத்திநாலு போட்டுக்க. ரெண்டும் நாலும் ஆறு."

சாருலதா லேப்டாப்பை மறுபடி திறந்தாள். எண் சோதிடத்தில் அவளுக்கு இப்போதும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இருபத்திநாலை அடித்துவிட்டு, அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லையே என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.