உர்போவுக்குக் குடல் தள்ளிய வருடங்கள்

துய்யாவின் பச்சோந்திக்குப் பின்குடல் வெளியே தள்ளும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை இழுப்பறைகளும் தாமாகத் திறந்துகொண்டன. வடகோடியில், ஸ்வீடன் எல்லையோரக் கெமி நகரத்தில் காகித ஆலைக்குப் போகும் சாலையில் இருந்த நான்கு மாடிக் கட்டடம் அது. கரண்டி வைக்கும் இழுப்பறை, உள்ளாடை வைக்கும் இழுப்பறை, கீழ்த்தளத்துப் பொதுச் சலவையறையில் துணிக்கவ்வி வைக்கும் இழுப்பறை, எல்லாம் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் முழு நீளத்துக்கு வெளியே வந்து நிற்கும். தள்ளினால் போகாது. முதுகைக் கொடுத்து முட்டினாலும் போகாது. மூன்றாம் மாடியில் துய்யா ஈரப்பஞ்சால் அந்தக் குடலை உள்ளே அனுப்பிய பிறகுதான் அவையும் உள்ளே போகும். ஏன் இப்படி என்று கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை. எப்போது நிற்கும் என்றுதான் கேட்டார்கள்.

உர்போ என்ற அந்தப் பச்சோந்தி அவளாக வாங்கியதல்ல. அவளோடு குடியிருந்த யார்னோ வாங்கி வந்தது. எல்லை தாண்டி ஸ்வீடனில் இருந்த வேறொருத்தியிடம் அவன் போய்ச் சேர்ந்தபோது காபி இயந்திரத்தையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் கூண்டின் மேலிருந்த விளக்கையும் எடுத்துக்கொண்டான். பச்சோந்தியை விட்டுவிட்டான். "விளக்கு என்னோடது. உர்போ நம்ம ரெண்டு பேரோடது" என்று வாசலில் நின்று நியாயம் வேறு பேசினான். அது எதற்கான விளக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. துய்யா பணிமனையில் பேருந்து கழுவுகிறவள். அவளுக்குப் பல்லி வகைகளைப் பற்றி என்ன தெரியும்? சூட்டுக்கு ஒரு சாதாரண குண்டு பல்பை மாட்டினாள். பிறகு தன் நாற்காலியை நகர்த்திவிட்டு, வீட்டிலேயே நல்ல இடமான தெற்கு ஜன்னலோரத்தைக் கூண்டுக்குக் கொடுத்தாள். அந்த ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. குளிர்காலம் முடிந்து வெயில் முதன்முதலாக ஜன்னலுக்கு வரும்போது ஊரே நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணை மூடி, கண்ணாடிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருக்கும். துய்யா அந்த உட்காருதலைத் துறந்தாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் முதல் தடவை தள்ளியது. அவரை விதை அளவுக்குச் சிவப்பாக, ஈரமாக, வாலுக்கு அடியில் தொங்கியது. உர்போ உடம்பெல்லாம் கறுத்துப்போய்க் கிளையைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்தால் செத்துப்போகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அவள் ஈரத்துணியில் சுற்றிக் கம்பளிச் சட்டைக்குள் வைத்து மருத்துவர் ஸோய்னியிடம் ஓடினாள். ஸோய்னி நாய்களையும் கலைமான்களையும் பார்க்கிறவர். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வீக்கத்தை வற்ற வைத்தார், பஞ்சுக்குச்சியால் மெல்ல உள்ளே தள்ளினார், சுருக்குப் பைக்குப் போடுவதுபோல் சுற்றித் தையல் போட்டார். கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் படுகிறதா என்று கேட்டார். தெற்கு ஜன்னல், நாள் முழுக்க என்றாள். அதற்கு மேல் என்ன வேண்டும் என்றார் ஸோய்னி. இரண்டு பேருக்கும் திருப்தி. அந்தத் தப்பைச் செய்ய, வருடத்தில் பாதியை இருட்டில் கழித்து வளர்ந்திருக்க வேண்டும்.

தையல் பிரித்த மாதமே மறுபடி தள்ளியது. பிறகு கிறிஸ்துமஸுக்கு. பிறகு பனி உருகும்போது. வருடங்கள் இப்படியே போயின, கடைசியில் மாதத்துக்கு ஒரு தடவை என்றானது. உர்போவின் பிடி தளர்ந்தது, கிளையிலிருந்து விழுந்தது, நாக்கை நீட்டினால் வெட்டுக்கிளி வரைக்கும் எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளே அனுப்பினாள், ஸோய்னி தைத்தார். தைத்துவிட்டு, திரும்ப வந்தால் கூட்டிவா என்றார். திரும்ப வராமலிருக்க என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, அவர் புரட்டிய தடிப் புத்தகமும் சொல்லவில்லை, அல்லது சொன்ன பக்கத்துக்கு அவர் போகவில்லை. துய்யா பஞ்சும் சர்க்கரையும் கூண்டருகிலேயே தயாராக வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கட்டடத்துக்காரர்களின் கோபம் வேறு. இரண்டாம் மாடியில் பாதிரியாருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த ரைமோவின் இழுப்பறை திறந்து, காலுறைகளுக்கு அடியில் படுத்திருந்த சாராயப் புட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. குடியிருப்போர் சங்கத் தலைவி ஓர்வொக்கி, செத்துப்போன கணவரின் பல்செட்டை இன்னும் வைத்திருந்தது அவள் மருமகளுக்குத் தெரிந்துபோனது. ஒட்டுநாடா ஒட்டினார்கள், கயிறு கட்டினார்கள், தச்சரைக் கூப்பிட்டு ஆணி அடித்தார்கள். ஆணியோடு திறந்தன. மின்தூக்கியில் வணக்கம்கூடச் சொல்லாத ஜனங்கள் இப்போது துய்யாவைப் பார்த்தால் பேச ஆரம்பித்தார்கள். "ஒரு பல்லிக்கு அடி இறங்கினா நான் எதுக்கு என் ஜட்டிய ஊருக்குக் காட்டணும்?" என்று ரைமோ கேட்டான். பல்லி எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. அவர்களுக்குத் திறந்தது மரப்பெட்டி. உர்போவுக்கு வெளியே கிடந்தது குடல்.

வசந்தத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சலவையறையில் நடந்தது. லவங்கப்பட்டை ரொட்டியும் காபியும் வழக்கம்போல் இருந்தன. உர்போவை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைத்துவிட வேண்டும் என்பது அன்றைக்குத் தீர்மானம். ஸோய்னியையும் வரவழைத்திருந்தார்கள். அவர் நயமாகப் பேசினார். தையல் பிடிக்கச் சதை மிச்சமில்லை, இனிமேல் தைத்தால் கிழியும், பிராணிக்கு நிம்மதி கொடுப்பதுதான் கருணை என்றார். கருணை என்ற சொல்லுக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். துய்யா மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ஈரத்துணியில் சுற்றி உர்போ இருந்தது, முழுசாக உள்ளே போக மறுத்த குடல் பாதி வெளியே. சலவையறை இழுப்பறையும் பாதி திறந்தே கிடந்தது. ரைமோ அதன் விளிம்பில் தன் காபிக் கோப்பையை வைத்திருந்தான்.

கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்னால், கசப்பைக் கொஞ்சம் குறைக்கலாமென்று ஓர்வொக்கி நல்ல சேதிகளைச் சொன்னாள். கட்டடத்துக்குப் போட்ட மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்களைப் பற்றி அவளுக்கு எப்போதும் பெருமை. "எங்க வீட்டு நீலத் திரை, ஜன்னல் மாத்தின நாள்ல இருந்து தெக்கு வெயில்லயே தொங்குது. இன்னிக்கு வரைக்கும் ஒரு இழை வெளுக்கல, பாத்துக்குங்க" என்றாள்.

துய்யா தலையைத் தூக்கினாள். பணிமனையில் பேருந்து ஜன்னல்களைக் கழுவுகிற கை அவளுடையது. கோடையெல்லாம் வெளியே நின்று கழுவியதில் கைகள் கறுத்திருந்தன. அதே கோடையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே போய்வந்த ஓட்டுநர்கள் வெள்ளைவெளேரென்று இறங்கினார்கள்.

"வெளுக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"துளிகூட இல்ல."

"அப்ப அந்தக் கண்ணாடி வழியா வர்றது வெறும் வெளிச்சம், வெயிலே இல்ல." அவள் ஸோய்னியின் பக்கம் திரும்பினாள். "டாக்டர், தெக்கு ஜன்னல்னு நான் வர்றப்பல்லாம் சொன்னேன். சரின்னீங்க. நடுவுல கண்ணாடி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஸோய்னி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும். ரெண்டையும் சேத்து யோசிக்கல."

"சேத்து யோசிக்கல." துய்யா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். குரல் ஏறவில்லை. "வெயில் படாத குழந்தைக்கு ஆகுற மாதிரி இதுக்கும் எலும்பெல்லாம் மாவாயிடுச்சு. உள்ள இருக்கிறதப் பிடிச்சு வைக்கத் தெம்பு இல்ல. நீங்க ஓட்டையத் தைச்சுத் தைச்சு அனுப்பினீங்க. இவங்க டிராயருக்கு ஆணி அடிச்சாங்க. இப்ப ரொட்டியத் தின்னுக்கிட்டே கொன்னுடலாம்னு கையத் தூக்கப் போறீங்க. நானும் ஒரு முட்டாள், வருஷக்கணக்கா திரைச்சீலை மாதிரி இத ஜன்னல்ல தொங்கவிட்டேன்."

"எங்க டிராயரும் திறக்குதே, துய்யா" என்றாள் ஓர்வொக்கி.

"திறக்கட்டும்."

ரைமோ கோப்பையை எடுத்துக்கொண்டான். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஊரில் மன்னிப்பு கேட்பது அப்படித்தான்.

அன்றைக்கே யார்னோவைத் தொலைபேசியில் பிடித்தாள். கூண்டிலிருந்து அவன் எடுத்துப்போன விளக்கு, வெயிலின் வேலையைச் செய்கிற அந்த விளக்கு, அங்கே மிளகாய்ச் செடிகளுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. நன்றாகக் காய்க்கிறது, வேண்டுமானால் ஒரு பை அனுப்புகிறேன் என்றான். அவள் பேச்சைத் துண்டித்துவிட்டு, ஔலு நகரத்திலிருந்து அதே மாதிரி வெயில் விளக்குப் புதிதாக ஒன்று வரவழைத்தாள். ஸோய்னி இனிமேல் தைக்க மாட்டேன் என்று சொன்ன சதையில் இன்னொரு தையல் போட்டார். அது பிடித்தது. வெட்டுக்கிளிகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுத்தாள். கோடை வந்ததும் முற்றத்தில் பிராணிகள் கூடாது என்ற அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் உர்போவோடு உட்கார்ந்தாள். கண்ணாடியில்லாத வெயிலில் அது வயிற்றைத் தட்டையாக்கிக்கொண்டு, அவள் அதுவரை பார்த்தேயிராத பச்சைக்கு மாறியது. ஓர்வொக்கி மாடியிலிருந்து பார்த்தாள். பலகையைப் பார்க்காததுபோல் நீலத் திரையை இழுத்துவிட்டாள்.

முழுசாகக் குணமாகவில்லை. அத்தனை வருடத்துக் கேடு ஒரு விளக்கால் போய்விடாது. ஆனால் மாதத்துக்கு ஒன்றாக இருந்தது குளிர்காலத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. துய்யா கையைக் கழுவி, சர்க்கரையைக் கரைத்து, உள்ளே அனுப்புவாள். உர்போ கறுத்துப்போவதையும் விட்டுவிட்டது. ரைமோ புட்டிகளை மேசைமேலேயே வைக்க ஆரம்பித்தான். தள்ளிவைத்த தீர்மானத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

ஓர்வொக்கி வீட்டை விற்றுவிட்டு மகனோடு போக முடிவுசெய்த வருடம், ரொவானியெமியிலிருந்து ஒரு இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். அவள் ஜன்னல்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையின் இழுப்பறைகள் எல்லாம் மெல்ல வெளியே வந்து நின்றன. அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல மூணாவது மாடியில பச்சோந்திக்கு அடி தள்ளிடுச்சு. அந்தப் பொண்ணு பாத்துக்கும், இப்ப உள்ள போயிடும்" என்றாள் ஓர்வொக்கி. திறந்த இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து அவர்களுடைய காபியைக் கலக்கினாள். "வெந்நீர் மட்டும் காலைல கொஞ்சம் தாமதமா வரும். அத முன்னாடியே சொல்லிடணும்ல."