ரொசாரியோ அண்ணாச்சியின் நாற்காலி

எங்கள் ஓவியக்கூடத்தில் படத்தில் அழித்தது வெளியிலும் அழிந்துவிடும். அதனால் பொதுவாக யாரும் எதையும் அழிப்பதில்லை.

கூடம் தூத்துக்குடியில், ஒரு பழைய ஐஸ் கம்பெனிக்குள் இருக்கிறது. டீ வந்ததும் ஆளுக்கொரு தம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்தவர் படத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அங்கே தோன்றியதைச் சேர்க்கலாம். யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. எல்லாப் படமும் எல்லோருக்கும் பொது.

நான் உப்பளம் வரைபவள். என்னிடம் எப்போதும் வெள்ளை இருக்கும். வியாழக்கிழமை ரொசாரியோ அண்ணாச்சியின் படத்துக்கு வந்தேன். கடல், மணல், மணலில் ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியின் மேல் வெள்ளை பூசினேன். படத்துக்குப் பொருந்தவில்லை என்று கூடத்தை நடத்தும் பேச்சியக்காவிடம் சொன்னேன். பொய். அப்படியொரு நாற்காலியை என்னால் ஜென்மத்துக்கும் வரைய முடியாது. வயிற்றெரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

அன்றிலிருந்து ரொசாரியோ அண்ணாச்சியால் உட்கார முடியவில்லை.

அவர் உட்காரப் போனால் நாற்காலி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டுகள் டிரைவர் பக்கம் போய்விடும். ஞாயிறு பூசையில் கடைசிவரை நின்றார். பங்குச் சாமியார் அதைப் பக்தி என்று எண்ணி, பிரசங்கத்தில் பாராட்டினார். நான் பின்பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

திங்கட்கிழமை பேச்சியக்காவிடம் போனேன்.

"அக்கா, அந்த நாற்காலிய நானே திரும்ப வரைஞ்சிருதேன்."

"வரையலாம். வரிசையாச் சுத்தி முடிச்சு அந்தப் படத்துக்கிட்ட வா."

"வேற யாராச்சும் வரையக் கூடாதா?"

"வரைஞ்சு பாத்தாச்சு. உன் வெள்ளை மேல எதுவும் ஒட்ட மாட்டேங்கு."

நான் நகர்ந்தேன். ஆனால் ஒவ்வொரு டீக்கும் புதிதாக ஒருவர் படத்தோடு வந்து சேர்ந்தார். அவருக்கு இடம் கொடுக்கக் கூடம் நீண்டது. வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் முறுக்குகூடக் கொடுத்தார். அண்ணாச்சியின் படம் தூரத்தில் தபால் தலை அளவுக்குச் சிறுத்து, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது.

அண்ணாச்சியின் கால்கள் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. தூணில் சாய்ந்து தூங்கப் பழகிவிட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, உங்க நாற்காலிய அழிச்சது நான்தான்."

"தெரியும் எம்மா. வெள்ளைய எம்புட்டுச் சீராப் பூசியிருந்த! இங்க வேற யாருக்கு அந்தப் பொறுமை?"

"என்னைய நாலு வார்த்தை ஏசுங்க."

"ஏசுத வழக்கம் இங்க இல்லைல்லா."

அதற்குள் டீ வந்துவிட்டது. அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அது என் உப்பளம். நெடுநேரம் பார்த்தார்.

"வெயில்ல ஒருத்தருக்கும் உக்கார எடமில்லையே" என்றார்.

வரைய ஆரம்பித்தார். முதலில் நான்கு கால்கள். பிறகு கைப்பிடி. பிறகு பிரம்புப் பின்னல், ஒரு கண் தவறாமல்.

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன்.

"இந்தா, முடிஞ்சிட்டு."

என் முழங்கால்கள் மடங்கின. பின்னால் நாற்காலி இருந்தது. அவ்வளவு சுகமான நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. எழுந்து அவருக்குக் கொடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. கைப்பிடியை ஊன்றிப் பார்த்தேன். இன்னும் சுகமாக இருந்தது. அழுதேன். அதற்கும் வசதியாகத்தான் இருந்தது.

மறுபடி டீ வந்தது. எல்லோரும் நகர்ந்தார்கள். என்னால் நகர முடியாததைப் பேச்சியக்கா பார்த்தாள். வரிசை நிற்கக் கூடாது என்றாள்.

ரொசாரியோ அண்ணாச்சி தம்ளரை என் மடியில் வைத்துவிட்டு, வீங்கிய காலோடு பின்னால் வந்து நாற்காலியைத் தள்ள ஆரம்பித்தார்.

"குலுக்குதா எம்மா?"

"இல்ல, அண்ணாச்சி."